ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த அம்மன்

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், கருமாதி, காதுகுத்து என்று எது நடந்தாலும் சரி, பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். "நம்ம சித்திக்கு அம்மன் வந்துச்சே, லோரியில ஊர்வலமா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, ஞாபகம் இருக்கா?" உடனே நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் கைபேசி நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக்கூட இழுத்துப் பிடித்துக் கேட்க வைப்பார்கள்.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. ஆடியில் கூழ் ஊற்றாத வருடம் கிடையாது. ஆனால் அந்தக் கதையை அவர்கள் சொல்லுகிற விதம் இருக்கிறதே, அது அம்மனுக்கே அவமானம். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்ததுதான். அதை வைத்து எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மண்டோர், வேலையாட்களை மேய்க்கிறவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். இரண்டில் எந்த வேலையில் அதிகம் அதட்டுவார் என்று சொல்ல முடியாது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் அண்ணனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார்.

சித்தி உலு யாம் பக்கத்து மலையடித் தோட்டத்துப் பெண். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் "மாமாகிட்ட சொல்லுங்கக்கா" என்று அம்மா வழியாகத்தான் போகும். அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் சித்தி எழுந்து கதவோரம் ஒதுங்கிவிடுவாள். முழுகாமல் இருந்தபோது மசக்கை தாங்காமல் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு திரும்பி வந்தாள். வந்து கொஞ்ச நாளில்தான் எல்லாம் தொடங்கியது.

அது ஓர் ஆடி வெள்ளி. கோயிலில் உடுக்கை அடித்துப் பூசாரி வர்ணித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சித்திக்குத் திடீரென்று பல் கிட்டித்தது. தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. பக்கத்திலிருந்த ஒரு பெண் எழுந்து, "ஆத்தா வந்துட்டாடி!" என்று அலறினாள். அவ்வளவுதான். உடுக்கை இரண்டு மடங்கு வேகமெடுத்தது.

பூசாரிக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. "புள்ளத்தாச்சி மேல ஆத்தா வரமாட்டாளேங்க. பாரம் வைக்கமாட்டா" என்றார்.

"ஏன் வரமாட்டா? மண்டோரு வீட்டுக்கு வரணும்னு ஆத்தா நெனச்சா நீ குறுக்க நிப்பியா?" என்றார் அப்பா.

அப்பாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக் கோயிலில் ஒருவருக்கு அருள் வந்து வாக்குச் சொல்வார். செகிஞ்சான் டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் காரில் வருவார்கள். எங்கள் கோயிலுக்கு மாடுகள்தான் வரும். அந்த வயிற்றெரிச்சல் அப்பாவுக்குப் பல வருடமாக இருந்தது.

அப்பா கைகட்டிக் கேட்டார். "என்ன வேணும் தாயே?"

சித்தி பல் நடுங்கச் சொன்னாள். "குளுருது… போத்துங்க… போத்துங்க."

கோயில் முழுக்க முணுமுணுப்பு. போன திருவிழாவில் அம்மனுக்குப் புதுச் சேலை சாத்தாமல் பழையதையே துவைத்துக் கட்டியது எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. யார் துவைத்தது, யார் சொல்லித் துவைத்தது என்று அங்கேயே ஒரு சண்டை. மறுநாளே டவுனுக்கு ஆள் போய், அரக்குச் சிவப்பில் சரிகை போட்ட பட்டு ஒன்றை வாங்கி வந்து அம்மனுக்குச் சாத்தினார்கள். குளிருகிறது என்று சொன்ன சித்தி, அன்றைக்குக் கோயில் சிமெண்டுத் தரையில், ஈரத் தலையோடு கிடந்தாள்.

நடுக்கம் நின்ற பிறகு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றி, பாவாடை ரவிக்கையெல்லாம் நனைந்து, தூங்கிப்போனாள். "ஆத்தா மலையேறிட்டா" என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் சித்தி எழுந்து சோறு வடித்தாள், துணி துவைத்தாள். ஒன்றுமே நடக்காதது போல் இருந்தாள்.

அதற்கு அடுத்த நாள், மத்தியானம் கழிந்து அதே நேரத்துக்கு மறுபடியும் வந்தது. பிறகு ஒரு நாள் சும்மா. பிறகு மறுபடியும். இப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோட்டத்துச் சங்குகூடச் சில நாள் பிந்தி ஊதும், அம்மன் பிந்தமாட்டாள். இந்த ஒழுங்கைப் பார்த்தே ஒருவருக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. "ஆத்தா சொன்ன சொல் மாறாம வர்றா பாருங்க" என்று அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அம்மன் வருகிற நாளில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பிள்ளை வரம் கேட்கிறவர்கள், காணாமல் போன மாட்டைக் கேட்கிறவர்கள். லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்கிறவர்கள்தான் அதிகம். செகிஞ்சானிலிருந்து மளிகைக் கடைத் தவுக்கே, சீன முதலாளி ஒருவர், ஆரஞ்சுப் பழக் கூடையோடு லோரியில் வந்து, சித்தி முன்னால் மண்டியிட்டு, அவள் எத்தனை தடவை பல்லைக் கடிக்கிறாள் என்று விரல்விட்டு எண்ணினார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கரைத் தோட்டத்துக்குச் சீனர்கள் வந்ததாகத் தகவல் இல்லை.

நடுக்கத்தில் ஒருமுறை சித்தி, "தண்ணி… தண்ணி…" என்றாள். உடனே ஒரு குடம் மஞ்சள் நீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். வாயில் ஒரு சொட்டு விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்தக் குடத்தைப் பிடுங்கி அவர்கள் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல் இருக்கும்.

எனக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. சித்தி ஆடும்போது தலை பலகைச் சுவரில் இடித்துவிடாமல் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். என் உள்ளங்கை அவள் பின்கழுத்தில் இருக்கும். விரல் நுனியெல்லாம் நீலம் பூத்துக் குளிரும், ஆனால் பின்கழுத்து மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுடும். சாமி பின்கழுத்து வழியாகத்தான் உள்ளே போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நாளாக ஆகச் சித்தி வெளுத்துக்கொண்டே வந்தாள். உதடும் நகமும் சுண்ணாம்பாகின. மஞ்சள் பூசாமலே முகம் மஞ்சளாக இருந்தது. வாசல் படி இரண்டு ஏறினால் மூச்சு வாங்க நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஆத்தா களை வந்திருச்சு, பாருங்க அந்த முகத்த" என்றார்கள். சாமி மாடத்திலிருந்த விபூதியை யாரும் பார்க்காதபோது கைநிறைய அள்ளி அள்ளித் தின்றாள். அடுப்புச் சாம்பலையும் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். உடம்பில் ரத்தம் வற்றினால் மண்ணையும் சாம்பலையும் தின்னத் தோன்றும் என்பது, நான் பிள்ளை உண்டாகிக் கிளினிக் போனபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. அம்மா அன்றைக்கு வந்தவர்களிடம், "சோறு எறங்கல. துன்னூறுதான் ஆகாரம்" என்று பக்தியாகச் சொன்னாள்.

தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரசர் ஒருவர் இருந்தார். தலைவலி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் கொடுப்பார். அவர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார்.

"குளிர் காய்ச்சலா?" என்று கேட்டார்.

"காய்ச்சல் இல்லைங்கய்யா. அருள்" என்றார் அப்பா.

"அப்ப எனக்கு வேலை இல்லலா" என்று அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். போகும்போது, "நான்கூட ஒரு நிமிசம் மலேரியாவோன்னு பாத்தேன். இந்தக் கரையோரத்துல அதையெல்லாம் ஒழிச்சு எவ்ளோ காலமாச்சு" என்று தன்னையே கேலி செய்துகொண்டார். சித்தி மலையடித் தோட்டத்தில் போய் இருந்துவிட்டு வந்தவள் என்பதை அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

சும்மா இருக்கும் நாள் ஒன்றில் அம்மாவும் சித்தியும் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் பூனையை விரட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, எங்க ஊருல எங்க அண்ணி இப்படித்தாங்கா நடுங்குனாங்க" என்றாள் சித்தி. "மாசமா இருந்தாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாளு. அப்புறம் புள்ள வயித்துலயே போச்சு. பின்னாலயே அவங்களும் போயிட்டாங்க. இது சாமி இல்லக்கா. எனக்குத் தெரியுது. பெரியாஸ்பத்திரிக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கக்கா."

அம்மா நெத்திலியைப் போட்டுவிட்டுக் கையை உதறினாள். "வாயக் கழுவு மொதல்ல. மாசமா இருக்கறவ பேசற பேச்சா இது? சாவு கீவுன்னு சொன்னா வயித்துல இருக்கறதுக்குக் கேக்கும்."

அதுவும் ஒரு வழக்கம். பிள்ளைத்தாய்ச்சி சாவைப் பற்றிப் பேசக்கூடாது. சாகப்போகிறவளாக இருந்தாலும் பேசக்கூடாது.

ஆனாலும் அம்மா அன்று மாலை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். "ஆத்தா எறங்கற ஒடம்புல ஊசி குத்தறதா? தீட்டாயிரும். ஆடி முடியட்டும் பாப்போம்" என்றார் அப்பா. சித்தி தன் புருஷனிடமும் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணன் சொல்றதும் சரிதான்லா" என்றார். அவருக்கு எப்போதுமே அண்ணன் சொல்வது சரிதான்.

சித்தி அதற்குப் பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் திங்களன்றுதான் அம்மன் வந்து, ஆடி, மலையேறியிருந்தாள். அப்பாவும் பூசாரியும் கோயில் கமிட்டி ஆட்களும் எங்கள் வீட்டு நடுவில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி உட்கார்ந்து வாக்குச் சொல்ல வாசலில் ஒரு மேடை கட்டுவதா, கொட்டகை போட்டால் போதுமா என்று பேச்சு. சித்தப்பா மூலையில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து சித்தி தலைவிரிகோலமாக வந்தாள். உடம்பு குலுங்க நடு வீட்டில் நின்றாள்.

"டேய் மண்டோரு!"

அப்பாவின் மடியில் கோப்பி கொட்டியது. தோட்டத்தில் துரையைத் தவிர யாரும் அவரை அதட்டிப் பேசியது கிடையாது.

"யாரக் கேட்டுடா ஒக்காந்திருக்க? எந்திரிடா!"

அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. "சொல்லு தாயே."

"என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா. டவுனு பெரியாஸ்பத்திரிக்கு. இப்பவே போகணும்."

"ஆஸ்பத்திரிக்கா? நீ… எதுக்குத் தாயே?"

"எதுக்குன்னு நீ கேப்பியாடா என்னைய? இந்த வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் கோயில்ல வெளக்கு எரியாது. சொல்லிட்டேன்!" பிறகு மூலைப் பக்கம் திரும்பினாள். "நீயுந்தாண்டா. அங்க என்னா பார்வ? அண்ணன் மூஞ்சியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு!"

சித்தப்பா அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்து அப்பாவும் விழுந்தார்.

நான் வழக்கம்போல ஓடிப்போய் சித்தியின் பின்னால் நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். எட்டாததால் முக்காலி மேல் ஏறிக்கொண்டேன். எனக்கு ஒன்று புரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் முந்தானையை இழுத்து, "அம்மா, இன்னிக்கு சாமி வர்ற நாளு இல்லையே. நேத்துதானே வந்துச்சு" என்றேன். அம்மா தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

அம்மன் "இப்பவே" என்றாள் இல்லையா? இவர்கள் உடனே லோரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும் இல்லையா? உட்கார்ந்து யோசித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆத்தாவுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். பூசாரிதான் விளக்கம் சொன்னார். "அங்க சீக்காளிங்க நெறைய பேரு கெடக்கறாங்க. கோயிலுக்கு வர முடியாத சனங்க. அவங்களுக்குத் தரிசனம் குடுக்க ஆத்தா நெனைக்கறா." எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊர்வலம் என்று முடிவாயிற்று. செவ்வாய் ராகுகாலம் வருகிறது, புதன் காலையில்தான் நேரம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் செம்பனைக் குலை ஏற்றுகிற தோட்டத்து லோரியை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு வாங்கி, கழுவி, வாழைமரம் கட்டினார்கள். உற்சவ அம்மனுக்கு அந்த அரக்குப் பட்டைச் சுற்றி மேலே வைத்தார்கள். கீழே பலகையில் சித்தி, அம்மா, நான். பின்னால் மேளம். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில்.

காலையில் கிளம்பிய லோரி டவுன் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முச்சந்தியிலும் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு லயத்திலும் ஆரத்தி. சித்தி ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து, "வந்திருச்சா?" என்று கேட்பாள். வந்திருக்காது.

டவுனுக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் அவளுக்கு நேரம் வந்துவிட்டது. நகம் நீலமானது. பல் கிட்டியது. பலகையே அதிரும்படி ஆடினாள். பின்னாலிருந்தவர்கள் "தாயே! மகமாயி!" என்று கூவி மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளுருதுக்கா… போத்துங்கக்கா… அக்கா…"

அம்மா அவளையே பார்த்தாள். நேற்று வந்த அம்மன் வீட்டுக்கே பெரியவரை "டேய்" என்றது. இது "அக்கா" என்கிறது. அம்மன் யாரை அக்கா என்று கூப்பிடப்போகிறாள்?

அம்மா எழுந்தாள். ஓடுகிற லோரியில் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு, உற்சவ அம்மன் மேலிருந்த பட்டை அப்படியே உருவினாள். அதைச் சித்தியின் தலையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா முன்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏய், என்னா செய்ற? ஆத்தா சேலைய ஏண்டி அவுக்கற?"

"ஆத்தாளுக்கு வெயிலடிக்குதுங்க. இவளுக்குத்தான் குளுருது. மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. லோரிய வேகமா விடச் சொல்லுங்க!"

அந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் தோட்டத்தில் நடந்த பூசைகளில் இது ஒன்றுதான் அம்மன் காதில் விழுந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா கேட்டைச் சாத்திவிட்டார். சத்தம் கேட்டு ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, அங்கே நர்ஸ், கோபமாக வெளியே வந்தாள். அப்பா கும்பிட்டு, தனக்குத் தெரிந்த மலாயில் அம்மன் வந்திருப்பதாக விளக்க ஆரம்பித்தார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு லோரியில் ஏறினாள். சித்தியின் கண் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. "டாரா தாடா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். ரத்தமே இல்லையாம். தள்ளுபடுக்கை ஓடி வந்தது.

அங்கே வேலை செய்த ஒரு தமிழ் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஏன்யா, வயித்துப்புள்ளக்காரிய குலை ஏத்தற லோரியில ஏத்தி, மேளம் அடிச்சா கொண்டாருவீங்க? எவ்ளோ நாளா நடுங்குது இந்தப் பொண்ணு?"

"அம்மனே வரச்சொன்னாங்க, அதான்…"

"அம்மனுக்கு இருக்கற புத்தி ஒங்கள்ல ஒருத்தனுக்கும் இல்லாமப் போச்சே!"

கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா. மலையடியில் கடித்த கொசு. அந்தப் பூச்சி பிள்ளைத்தாய்ச்சியின் ரத்தத்தைத் தின்று, பிள்ளைக்குப் போகிற சாப்பாட்டையும் மறித்துவிடுமாம். கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அந்த அம்மாதான் தமிழில் சொன்னாள். யாரோ ஒருவருடைய ரத்தத்தைச் சித்திக்கு ஏற்றினார்கள். கசப்பு மாத்திரை கொடுத்தார்கள். அம்மன் வருவது நின்றுபோயிற்று.

அடுத்த வாரமே சுகாதார ஆட்கள் தோட்டத்துக்கு வந்து எல்லார் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பூசாரி கர்ப்பக்கிரகத்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீட்டுச் சுவர்களில் மருந்தடித்தார்கள். சுவரெல்லாம் வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டதென்று அப்பா ஒரு மாதம் புலம்பினார். அவருக்குப் புலம்ப அதுதான் கிடைத்தது.

சித்திக்கு நாள் ஆகுமுன்பே பெண் பிள்ளை பிறந்தது. கோழிக்குஞ்சு போல இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோதும் அழக்கூடச் சத்தம் இல்லை. நான் சித்தியின் காதோரம் போய், "சித்தி, சாமி இனிமே வராதா?" என்று கேட்டேன்.

அவள் பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வேணும்னா வருவா" என்றாள்.

அப்போது அப்பா உள்ளே நுழைந்தார். சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து கதவோரம் ஒதுங்கினாள். "அக்கா, மாமாவுக்குச் சோறு போடட்டுமான்னு கேளுங்க" என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

சித்தி இன்றைக்கும் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் இந்தக் கதையை அவர்கள் எடுக்கும்போது எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவாள். நானும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மன் வரவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல என் வாய் வராது. வந்தாள். ஆனால் இவர்கள் கும்பிட்ட நாட்களில் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் வந்தாள்.

அன்றைக்கு முக்காலி மேல் நின்று நான் பிடித்திருந்த பின்கழுத்து சுடவே இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. நகம் நீலமாகவில்லை. எல்லாரும் தரையில் விழுந்து கிடந்தபோது சித்தி கையைப் பின்னால் நீட்டி, என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டாள். சாமி தவறிப்போய் நாள் மாறி வந்துவிட்டது என்று மட்டும்தான் அந்த எட்டு வயதில் எனக்குத் தோன்றியது.